கிளிப்பச்சை என்று நான் சொன்னது

என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். அவளே இப்போது ஓய்வு பெறப் போகிற வயதில் இருக்கிறாள். "அக்கா, ஒரு அம்மாவுக்கு ஏழாம் மாச ஸ்கேன்லயே குழந்தை வயித்துல ரெண்டு குமிழி தெரியுதாம். கணையம் குடலைச் சுத்திக்கினு இருக்கலாம்னு சொல்றாங்க. பொறக்கறதுக்கு முன்னாடியே ஆபரேஷனுக்கு எல்லாரும் ரெடி. நீங்க சொல்லுவீங்களே பிள்ளையார்பாளையத்துக் குழந்தை கதை, அத எழுதிக் குடுங்கக்கா, இங்க புதுசா வந்திருக்கிற பொண்ணுங்க படிக்கட்டும்" என்றாள்.

கதை என்றாளே, அதில்தான் எனக்குச் சுருக்கென்றது. கதையாக இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் மறந்து தொலைத்திருப்பேன். அது நான் செய்த தப்பு. அதை நல்ல கையெழுத்தில் வேறு எழுதி வைத்தேன்.

நானும் பிள்ளையார்பாளையம்தான், பட்டு நெய்கிறவர்கள் பேட்டை. என் அப்பா பட்டுக்குச் சாயம் போடுகிறவர். செப்பு அண்டாவில் சாயம் கொதிக்கிற வாசனையோடுதான் எங்களுக்குப் பொழுது விடியும். பள்ளிக்கூடம் முடித்து, சென்னையில் நர்ஸ் பயிற்சி முடித்து, ஊருக்குத் திரும்பி ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே எதற்கு? பெரிய டாக்டர், அதாவது சர்ஜன், ஒருவர். அவருக்குக் கீழே இளம் டாக்டர்கள் இரண்டு பேர். நாங்கள் நர்ஸ்கள் எட்டுப் பேர். சாயக்காரர் வீட்டுப் பெண் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கறையைப் பார்த்த மாத்திரத்தில் இது ரத்தம், இது அயோடின், இது வெற்றிலை என்று சொல்லிவிடுவேன். டாக்டர்களே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

குழந்தைக்கு முன்னால் தாமல்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் எங்கள் பயம் உங்களுக்குப் புரியாது.

பக்கத்து ஊரான தாமலில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்திருந்த விவசாயி. நாற்பது வயது. சாப்பிட்டால் வயிறு உப்பும், வாந்தி வரும். அல்சர் என்று பத்து வருடம் பவுடர் தின்றிருக்கிறார். கடைசியில் எங்கள் பெரிய டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்தார். அல்சர் இல்லை. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கிற ஒரு சுரப்பி. சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீரைச் சுரந்து சிறுகுடலின் முதல் வளைவில் கொட்டுவது அதன் வேலை. இந்த மனிதருக்கு அந்தக் கணையமே ஒரு கை நீட்டி, சிறுகுடலின் அந்த வளைவைச் சுற்றி வளையம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. பிறவியிலேயே அப்படி. சிலருக்கு வளையம் தளர்வாக இருக்கும், கடைசி வரை தெரியவே தெரியாது. சிலருக்கு நடு வயதில் இறுக்கும். சிலருக்குப் பிறந்த அன்றே.

பெரிய டாக்டர் அந்த வளையத்தை வெட்டிவிட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்யத் தோன்றும். கழுத்தில் கயிறு இறுக்கினால் கயிற்றைத்தானே அறுப்போம்?

மூன்றாம் நாள் கட்டு நனைந்திருந்தது. சீழ் இல்லை, ரத்தம் இல்லை, தண்ணீர் மாதிரி தெளிவாக ஒன்று. வெட்டின இடத்திலிருந்து கணைய நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அது பட்ட இடமெல்லாம் தோல் சிவந்து, உரிந்து, பச்சைப் புண் ஆனது. மணிக்கு ஒரு தரம் துடைத்துக் களிம்பு தடவுவேன். அடுத்த தரம் கட்டைப் பிரித்தால் களிம்பும் இருக்காது, தோலும் இருக்காது. ஒரு நாள் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "இன்னா சிஸ்டரு, என்ன நானே ஜீரணம் பண்ணிக்கினு இருக்கேனா?"

களிம்பை இன்னும் கொஞ்சம் எடுத்துத் தடவினேன். மூன்றாவது வாரத்தில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு பெரிய டாக்டரிடம் ஒரு வழக்கம் வந்தது. வார்டில் கட்டிலருகே நின்றாலும் சரி, தியேட்டரில் கத்தியைக் கையில் வாங்குவதற்கு முன்பும் சரி, சுற்றி நிற்கிற எல்லாரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பார். "எனக்குத் தெரியாதது உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். அந்த மௌனத்தில் நிற்பதைவிட நாலு திட்டு வாங்கிக்கொள்ளலாம். பெருக்குகிற ஆயாம்மாவிடமும் அதே கேள்விதான். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். எழுபதுகளின் தொடக்கம். ஒரு சனிக்கிழமை காலை ஏகாம்பரம் என்கிற தறிக்காரர் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஆண் குழந்தையைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி வசந்தாவைக் குதிரை வண்டியில் வைத்துக் கூட்டி வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலேயே பிரசவம். காலையில் சேனை வைத்திருக்கிறார்கள். சேனை தெரியும்தானே? பிறந்த குழந்தையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பது. வைத்தவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். வைத்தது ஏகாம்பரத்தின் அக்கா பவுனம்மா. சேனை வைத்து அரை மணி நேரத்தில் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது.

"எங்க அக்கா சாயம் போடறவ, சிஸ்டர். கழுவாத கையோட வெச்சிட்டா. இல்ல, வேணும்னே வெச்சாளோ இன்னாவோ, அவளுக்குப் புள்ள இல்ல பாருங்க" என்று ஏகாம்பரம் அழுதார்.

வாந்தி பட்ட துணியை வாங்கி வெளிச்சத்தில் விரித்தேன். பளிச்சென்ற பச்சை. "நேத்து உங்க அக்கா என்ன கலர் போட்டாங்க?" என்று கேட்டேன்.

"கிளிப்பச்சை."

டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். அவர் வெளியூர், வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சாயம்தான் டாக்டர். கிளிப்பச்சை. எங்க அப்பா அண்டாவுல தினமும் பார்க்கிற கலர்" என்றேன். கேஸ் ஷீட்டிலும் என் கையாலேயே எழுதினேன். 'சாயம் உள்ளே போயிருக்கிறது. கொடுத்தவர் குழந்தையின் அத்தை.' டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டார். விஷம் என்று சந்தேகம் வந்தால் போலீசுக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். அதையும் அனுப்பினோம்.

மெல்லிய ரப்பர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினோம். பச்சை போய்த் தெளிந்த நீர் வந்தது. குழந்தை அழுகையை நிறுத்தியது. எனக்கு அப்படி ஒரு பெருமை. தாய்ப்பால் கொடுக்கச் சொன்னோம். இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் பச்சை. இன்னும் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கிறது என்று மறுபடியும் கழுவினோம்.

சாயங்காலம் பவுனம்மாவைப் போலீஸ்காரர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். பச்சை ஏறிய விரல்களைப் பார்த்து, "இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்றாராம். அவள் புருஷன் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏகாம்பரம் உள்ளே விடவில்லை. நான் டியூட்டிக்கு வரும்போது என் புடவை முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரம்மா, நான் கைய நாலு தபா சீயக்கா போட்டு கழுவிட்டுதான் வெச்சேன். இது நகக்கண்ணுல ஊறிப்போனது, போவாது. ஒண்ணு சொல்றேன் கேளும்மா. வசந்தா வயிறு ரெட்டப்புள்ள மாதிரி இருந்துது. தண்ணி ஒடஞ்சப்ப ரெண்டு கொடம் கொட்டிச்சி. மருத்துவச்சியே பயந்துட்டா. அப்பவே ஏதோ சரியில்ல."

தப்பிக்கப் பேசுகிறாள் என்று நினைத்தேன். புடவையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன். இத்தனை வருட வேலையில் யாராவது வந்து என் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டிய ஒரு நொடி உண்டென்றால் அது அதுதான்.

திங்கட்கிழமை காலை குழந்தை வாடிவிட்டது. உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. புதிதாக வாந்தி எடுத்த துணியை அலசலாம் என்று பின்கட்டுக் குழாயடிக்கு எடுத்துப் போனேன். அங்கே ஆணியில் சனிக்கிழமைத் துணி அலசப்படாமலே தொங்கிக்கொண்டிருந்தது.

அதில் பச்சை இல்லை. ஓரங்களில் பழுத்த இலை மாதிரி மஞ்சளும் பழுப்புமாக மாறியிருந்தது.

கிளிப்பச்சை காய்ந்தால் கிளிப்பச்சையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுப் படியில் நான் பிறப்பதற்கு முன் சிந்தின சாயம் இன்னும் அப்படியே இருக்கிறது. குழாயைத் திறந்து, அன்றைக்கு வாந்தி பட்ட துணியைக் காட்டினேன். பச்சை தண்ணீரோடு ஓடியே போயிற்று. இது சாயமே இல்லை. பித்தம். இரண்டு நாளாக ஒரு சிசுவின் வயிற்றில் இல்லாத சாயத்தைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். நர்ஸ் படிப்பில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்தார்கள், பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம் என்று. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். என் கண் முன்னால் வந்தபோது என் அப்பாவின் அண்டாதான் தெரிந்தது.

அப்போது என் மனதில் முதலில் வந்தது குழந்தை இல்லை, வேலை போய்விடுமே என்கிற பயம்தான். சனிக்கிழமைத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். குப்பையில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பெரிய டாக்டர் இரண்டு நாள் ஊரில் இல்லை. அன்று காலைதான் வந்தார். கட்டிலருகே நின்று கேஸ் ஷீட்டை முழுதாகப் படித்தார். குழந்தையின் மேல் வயிற்றில் விரலை வைத்து அமுக்கினார். பிறகு எங்களைப் பார்த்து அதே கேள்வி.

"எனக்குத் தெரியாதது உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

இளம் டாக்டர் தரையைப் பார்த்தார். கக்கத்திலிருந்து துணியை எடுத்து நீட்டினேன். "சாயம் இல்லை சார். காஞ்சதும் மஞ்சளாயிடுச்சு. நான் தப்பாச் சொல்லிட்டேன்." பவுனம்மா கேட்டில் சொன்னதையும் சொன்னேன், ரெட்டைப் பிள்ளை வயிறு, இரண்டு குடம் தண்ணீர் என்று.

அவர் திட்டவில்லை. "இதை எப்போ சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நேத்து காலையில."

"கருவில குழந்தை அந்தத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். மேல் குடல் அடைச்சிருந்தா குடிச்சது போக வழியில்லை, தண்ணி சேர்ந்துக்கிட்டே போகும். அந்தம்மா நேத்தே நோயைச் சொல்லிட்டாங்க. நாம கேட்டுக்கலை."

எக்ஸ்ரே அறையில் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தவள் நான்தான். ஈரம் சொட்டச் சொட்ட பிலிம் வந்தது. மேல் வயிற்றில் இரண்டு கருப்புக் குமிழி, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரைப்பையில் ஒன்று, குடலின் முதல் வளைவில் ஒன்று. அதற்குக் கீழே காற்றே இல்லை, முழுக்க ஒரே வெளுப்பு. காற்றுகூடப் போகாத இடத்தில் பால் எப்படிப் போகும்?

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டோம். அனுப்புங்கள் என்றார்கள். எங்களிடம் இருந்த ஒரே வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வாடகை கார் கிடைத்தாலும் இந்த வாட்டத்தில் அவ்வளவு தூரம் குழந்தை தாங்காது என்றார் பெரிய டாக்டர். அன்று முழுக்கக் கணுக்காலில் நரம்பைத் திறந்து ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக நீர் ஏற்றினோம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலியாக வைத்தோம். மறுநாள் காலை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

ஏகாம்பரத்தை உட்கார வைத்துப் பெரிய டாக்டரே விளக்கினார். "கரு உண்டாகி ரெண்டு மாசத்துக்குள்ள கணையம் ரெண்டு மொட்டா முளைக்கும். குடல் திரும்பறப்போ ஒரு மொட்டு அதோட சுத்தி வந்து இன்னொண்ணோட சேரணும். சில குழந்தைக்கு அது சரியா வந்து சேராம, குடலைச் சுத்தி வளையமா நின்னுடும். அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். வேற அடைப்பாவும் இருக்கலாம். திறந்தாத்தான் தெரியும்."

"அப்ப சாயம் இல்லீங்களா?"

"உங்க அக்கா கை படறதுக்கு ஏழு மாசம் முன்னாடியே இது நடந்து முடிஞ்சிடுச்சு. அப்போதான் உங்க மனைவிக்கே முழுகாம இருக்கிறது தெரிஞ்சிருக்கும்."

ஏகாம்பரம் எழுந்து வெளியே போனார். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அக்காவின் எதிரில் போய் நின்றார். என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வரும்போது அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவள் வார்டுக்குள் வரவில்லை. வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் பெரிய டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கேஸ் ஷீட் மேஜை மேல் திறந்திருந்தது. ரப்பரையும் பிளேடையும் தேடி என் கண் போனதைப் பார்த்துவிட்டார். "அழிக்கக் கூடாது சிஸ்டர். ஒரே ஒரு கோடு போடுங்க, எழுதினது படிக்கிற மாதிரி இருக்கணும். கீழே சரியானதை எழுதுங்க. பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்க." போட்டேன். கோடு நேராக வரவில்லை. அவர் போலீசுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார்.

மறுநாள் காலை. தியேட்டரில் சுடுதண்ணீர்ப் பைகளை அடுக்கி மேஜையைச் சூடாக்கினேன். சிலுவை மாதிரி இருக்கிற சின்ன மரச் சட்டத்தில் பஞ்சு சுற்றி, குழந்தையின் கை கால்களைப் பஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். குழந்தை ஒரு முழத்துக்கு மேல் இல்லை. முகத்தின் மேல் சின்ன மூடி வைத்து ஈதர் என்கிற மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார் ஒரு டாக்டர். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். ஒரு சொட்டு கூடினால் மூச்சு நின்றுவிடும், ஒரு சொட்டு குறைந்தால் குழந்தை அசைந்துவிடும். பெரிய டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவினார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கழுவினார். அவருக்கும் பயம் என்று அப்போது தெரிந்தது.

மேல் வயிற்றில் குறுக்காக ஒரு கீறல். குடலின் முதல் வளைவு காற்றடைத்த பலூன் மாதிரி உப்பி நின்றது. கீழே இருந்த குடல் நூலாகச் சுருங்கிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் வெளிர் மஞ்சளும் சிவப்புமாகச் சதை ஒன்று சுற்றியிருந்தது. வளையம்தான். தாமல்காரர் வயிற்றில் பார்த்த அதே வளையம், நூறில் ஒரு பங்கு அளவில்.

உதவிக்கு நின்ற இளம் டாக்டர் ஆவலாக, "இதை வெட்டிவிட்டா வழி திறந்துடும் சார்" என்றார்.

பெரிய டாக்டரின் கை நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த அறையில் தாமல்காரரைத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முகமூடிக்கு மேலே அவர் கண் ஈரமாக இருந்தது. வியர்வையாகவும் இருக்கலாம்.

"எனக்குத் தெரியாதது யாருக்காவது தெரியுமா?" என்றார்.

அந்தச் சமயத்தில் யாரும் பேசமாட்டார்கள். நான் பேசினேன். "கட்டு நனையும் சார்" என்றேன்.

"நனையும்" என்றார். பிறகு இளம் டாக்டரிடம் மெதுவாகச் சொன்னார். "வளையத்தைத் தொடக் கூடாது. அதுக்குள்ளே நீர் போகிற குழாய் ஓடுது. வெட்டினா ஒழுகும், ஒழுகினா இந்த உடம்பையே கரைக்கும். அதோட, வளையத்துக்கு உள்ளே குடலும் பெரும்பாலும் சுருங்கித்தான் இருக்கும், வெட்டினாலும் வழி வராது. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நாம சுத்திப் போவோம்."

கீழே இருந்த குடலில் ஒரு வளைவை மேலே கொண்டுவந்தார். உப்பியிருந்த பகுதியோடு சேர்த்து ஒரு புது வாசல் வைத்துத் தைத்தார். தையல் நூல் பட்டு. மயிர் மாதிரி மெல்லியது. ஒவ்வொரு தையலுக்கும் நான் நூல் கோத்துக் கொடுத்தேன். ஒரு முடிச்சு இறுகினால் குடல் கிழியும், தளர்ந்தால் கசியும். கீழே வேறு அடைப்பு இருக்கிறதா என்று உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். இல்லை. நடுவில் ஒரு தரம் குழந்தையின் மூச்சு நின்றது. ஈதரை எடுத்துவிட்டு எல்லாரும் அப்படியே நின்றோம். எத்தனை நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு நெஞ்சு ஏறி இறங்கியது.

அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றி என்ன எழுத? மணிக்கு ஒரு தரம் கட்டைத் தொட்டுப் பார்ப்பேன். என் விரல் ஈரமோ, கட்டு ஈரமோ என்று சந்தேகம் வந்து, கையைத் துடைத்துவிட்டு மறுபடி தொடுவேன். மூன்றாம் நாள் காலை கட்டைப் பிரித்தேன். தாமல்காரருக்கு நனைந்தது மூன்றாம் நாள்தான். இவனுக்குக் காய்ந்திருந்தது. நான்காம் நாளும் காய்ந்திருந்தது. மூக்குக் குழாயில் வந்த பச்சை நாளுக்கு நாள் குறைந்தது. எட்டாம் நாள் பெரிய டாக்டர், "குளுக்கோஸ் தண்ணி அஞ்சு சொட்டு கொடுங்க. ஒரு மணி நேரம் வெள்ளைத் துணி போட்டுப் பாருங்க" என்றார்.

வசந்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "அண்ணி குடுக்கட்டும்" என்றாள்.

"விரல் வேண்டாம். சொட்டுக் குழாயை அவங்க கையில கொடுங்க" என்றார் பெரிய டாக்டர்.

வராந்தாவுக்குப் போய்க் கூப்பிட்டேன். பவுனம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "வாணாம்மா. ஒரு தபா பட்டது போதும். நீயே குடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நானே கொடுத்தேன். ஒரு மணி நேரம் துணி வெள்ளையாகவே இருந்தது. வராந்தாவுக்குப் போய்ச் சொன்னேன். பிறகு அங்கேயே அவளுக்கு எதிரில் உட்கார்ந்து மற்றதையும் சொன்னேன். உன் தம்பி சொன்னதால் மட்டும் போலீஸ் வரவில்லை அக்கா, சாயம் என்று எழுதியது நான்தான் என்று.

அவள் முந்தானையிலிருந்து கையை எடுத்து நகக்கண்ணைப் பார்த்தாள். "நீயும் நம்ம பேட்டைப் பொண்ணுதானே" என்றாள். "வெளியூர்க்காரி யாராவது இருந்திருந்தா சாயம்னு தோணியே இருக்காது. சரி, அந்த வளையத்த எடுத்துட்டாங்களா?"

"எடுக்கலை அக்கா. அது அவனோடவே இருக்கும். சுத்தி வழி போட்டிருக்காங்க."

"அந்தக் காயிதத்துலேருந்து என் பேர எடுத்துட்டியா?"

"எடுக்கக் கூடாதாம். கோடு போட்டிருக்கேன்."

"அப்ப தெருவுல வந்து சொல்லு" என்றாள். "காயிதம் எங்க தெருவுல யாரும் படிக்க மாட்டாங்கோ. கொழாயடியில என்னப் பத்தி இன்னா சொல்றாங்கோ தெரியுமா? வந்து சொல்லு."

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய அன்று மத்தியானம், வெள்ளைச் சீருடையோடு அந்தத் தெருக் குழாயடிக்குப் போனேன். குடத்தோடு நின்ற பெண்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். என் சித்தியும் அங்கே நின்றிருந்தாள். "பவுனம்மா அக்கா எதுவும் பண்ணலை. பிறவியிலேயே இருந்த அடைப்பு. சாயம்னு நான்தான் தப்பா எழுதினேன்" என்றேன். ஒருத்தி, "சாயக்காரர் பொண்ணுக்கே சாயம் தெரியலையா?" என்றாள். பின்னால் பவுனம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் வெளியே வரவில்லை.

மூன்று வருடம் கழித்து வசந்தாவுக்கு இரண்டாவது பிரசவம். பெண் குழந்தை. ஏகாம்பரம் நேரில் வந்து என்னைக் கூப்பிட்டார். பவுனம்மாதான் சேனை வைக்க வேண்டும் என்று வசந்தா பிடிவாதமாக இருக்கிறாளாம். பவுனம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னாளாம், அந்த சிஸ்டரம்மா வந்து வெள்ளைத் துணி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும் என்று.

போனேன். ஒரு குடும்பத்தில் இரண்டாவது பிள்ளைக்கும் இப்படி வருவது எப்போதோ ஒன்று என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். எப்போதோ ஒன்று என்பது இல்லவே இல்லை என்பது ஆகாதே. வழியெல்லாம் அதே நினைப்பு. முதல் பையன் வாசலில் தெரு நாயைத் துரத்திக்கொண்டிருந்தான்.

பவுனம்மா என் எதிரில் நாலு தரம் கை கழுவினாள். நகக்கண்ணில் அன்றைக்கும் ஏதோ ஒரு சாயம் இருந்தது. சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் துணியைக் குழந்தையின் கன்னத்தடியில் விரித்துவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இருக்கும். குழந்தை இருமியது, வாயோரம் கொஞ்சம் வழிந்தது.

"இன்னா கலரும்மா?" என்றாள் பவுனம்மா, கண்ணைத் திறக்காமலே. நூலைத் தூரத்தில் பார்த்தே அரக்கா, குங்குமச் சிவப்பா என்று சொல்கிறவள்.

உடனே சொல்லவில்லை. துணியை ஜன்னலுக்கு எடுத்துப் போனேன். இந்தப் பக்கம் பார்த்தேன், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தேன். வெயிலில் காயும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு கலரும் இல்லை அக்கா" என்றேன்.